சந்திப் பந்தலில் நின்ற ராணி

எங்கள் வீட்டுக்காரர் சித்திரம் படிப்பித்தவர். முதலில் ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில், பிறகு கண்டி டவுனில். அதனால் ஊரே அவரைச் சித்திர மாஸ்டர் என்றுதான் சொல்லும். பென்ஷன் எடுத்து வீட்டோடு இருந்த காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லை. மரக்கறிக் கடைக்காரர்கூட, "சித்திர மாஸ்டருக்கு நல்ல போஞ்சியா பாத்துப் போடு, அவருக்கு நிறம் தெரியும்" என்று வேலையாளிடம் சொல்வார். நானும் அவரைப் பற்றிப் பிறத்தியாரிடம் பேசும்போது மாஸ்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இதிலும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. செத்த வீட்டுக்கு அவரிடம் படித்த பிள்ளைகள் வந்த கூட்டத்தை நான் எங்கே சொல்ல! பிள்ளைகள் என்றால் இப்போது தலை நரைத்தவர்கள். அக்குறணையிலிருந்து புடவைக் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்தார். "சேலைக்கு ஏத்த ஜாக்கெட் துணி எடுத்துக் குடுக்கும்போதெல்லாம் மாஸ்டரத்தான் நெனப்பேன். எந்த நிறத்துக்கு எந்த நிறம் சேரும்னு அவர்தான் சொல்லித் தந்தார்" என்று அழுதார். ஒவ்வொருவரும் எழுந்து ஒவ்வொன்று சொன்னார்கள்.

"மாஸ்டரம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்கள். நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேசுகிற மாதிரித்தான் எழுத வரும்.

நான் கல்யாணமாகி மாஸ்டரின் குவாட்டர்ஸுக்கு வந்தபோது அங்கே சட்டி பானையைவிடப் பலகைதான் அதிகம் கிடந்தது. அந்தக் காலத்தில் தேயிலையைப் பலகைப் பெட்டியில்தான் அடைத்து அனுப்புவார்கள். உடைந்த பெட்டிகளை ஃபேக்டரியில் கேட்டு வாங்கி வந்து, ஆணி பிடுங்கி, வெள்ளை பூசிக் காயவைத்து, அதில் படம் போடுவார். மழை நாளில் வீட்டுக்குள் பெயின்ட் வாசமும் தேயிலை வாசமும் கலந்து அடிக்கும். முதல் மாதம் எனக்குத் தலைவலி. பிறகு அந்த வாசம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

ஒருநாள், "ஏ புள்ள, இந்த முக்காலியில கொஞ்சம் உக்காரு" என்றார்.

"என்னத்துக்கு?"

"சும்மாதான். நீ கீரைய ஆஞ்சிக்கிட்டு இரு. நான் ஒன் கைய வரையிறேன்."

கை என்றுதான் தொடங்கினார். பிறகு காது, பிறகு கழுத்து, பிறகு முகம். தோட்டத்தில் வேறு பொம்பளையை உட்காரவைத்து வரைய முடியுமா? மறுநாளே லயத்து வீடுகளில் கதை கட்டிவிடுவார்கள். அதனால் பொம்பளை உருவம் வேண்டுமென்றால் நான்தான்.

"கொஞ்சம் நிமிந்து பாரேன்."

"போங்க. யாராச்சும் வந்துட்டா?"

"இந்த மழையில யாரு வரப் போறா?"

"கங்காணி வீட்டு ஆடு வரும்."

"ஆடு வந்து ஒன்னய பாத்து என்னா சொல்லப் போகுது?" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே, நான் குனிந்திருந்தபடியே வரைந்துகொள்வார். எத்தனை முறை உட்கார்ந்திருப்பேனோ தெரியாது. ஒரு முறைகூட நான் நிமிர்ந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளைகளுக்கு முதலில் கால் வரையத்தான் சொல்லிக் கொடுப்பார். "மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம். ஆளு எங்க நிக்கிறான்? மொதல்ல அதச் சொல்லு" என்பார். ஒருமுறை கல்வி அதிகாரி ஒருவர் பார்க்க வந்திருக்கிறார். எல்லாப் பிள்ளைகளின் கொப்பியிலும் கால், கால், கால்.

"மாஸ்டர், இது சித்திர வகுப்பா, சப்பாத்துக் கடையா?"

"சேர், இவங்கள்ல முக்காவாசிப் பேரு சப்பாத்தே போட்டதில்ல. அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது கால்தான். தெரிஞ்சதுல இருந்து தொடங்குறோம்."

அந்த ஐயா நல்ல மனுஷர். சிரித்துவிட்டு, முன் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையிடம் தன் காலை வரையச் சொல்லியிருக்கிறார். பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்து, "சப்பாத்தக் கழட்டுங்க சேர்" என்றதாம். கழற்றினாராம்! இதை மாஸ்டர் சொல்லிச் சொல்லி, எங்கள் மகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்படிப் படிப்பித்தவருக்கு மனதில் ஒரு குறை இருந்தது. அவர் போட்ட படம் ஒன்றும் நின்றதில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் சரஸ்வதி போடுவார், சுவரில் மரமும் பறவையும் போடுவார். பள்ளிக்கூடத்துக்குப் புது அதிபர் வந்தால் முதல் வேலை சுவருக்கு வெள்ளை அடிப்பதுதான். இவரும் "சரிங்க சேர்" என்று தானே தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். யாருக்கும் மறுத்துப் பேசத் தெரியாத மனுஷர். தோட்டத்தில் துரைக்கும் சரிங்க, டவுனில் அதிபருக்கும் சரிங்க.

பென்ஷன் எடுத்த நாளில் பொன்னாடை போர்த்தி, சுவர் மணிக்கூடு ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். பஸ்ஸில் மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நாலு பேரு போற வர்ற எடத்துல என் படம் ஒண்ணே ஒண்ணு நிக்கலையே புள்ள" என்றார்.

ஹேவாஹெட்ட வீதியில், கண்டிக்குக் கிட்டத்திலேயே, ஒரு சந்திக்கு மேலே ஏற்றத்தில் சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்தோம். சுற்றி எல்லாம் சிங்கள ஆட்கள், நல்ல அக்கம்பக்கம். மாஸ்டருக்கு நேரம் போகாது. சந்தியில் நின்று பஸ்ஸில் போட்டிருக்கிற படங்களையும் கடைப் பலகைகளையும் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்க மாட்டார். மணவறையில் வைத்திருக்கிற, வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வெட்டிய மயிலைப் பார்த்து, "மயிலுக்கு இப்படியா கழுத்து இருக்கும்? இது கொக்குக்குப் பொறந்தது" என்று என் காதில் சொல்லி என்னைச் சிரிக்கவைப்பார்.

ஒரு வருஷம், புத்தருக்குக் கொண்டாடுகிற வெசாக் பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்னால், சந்தியில் டயர் கடை வைத்திருக்கிற முதலாளி இரண்டு பொடியன்மாரோடு வீட்டுக்கு வந்தார். அவர்தான் வெசாக் சங்கத்துக்குத் தலைவர். சிங்களவர் என்றாலும் நமது தமிழை அவர் பாணியில் நன்றாகப் பேசுவார்.

"மாஸ்டர், இந்த முறை நம்ம சந்தியில பந்தல் கட்டுறம். படம் நீங்க போட வேணும்."

மாஸ்டர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். வெசாக் பந்தல் என்றால் சும்மா இல்லை. கமுக மரத்தை மூன்று மாடி உயரத்துக்குக் கட்டி, நடுவில் புத்தர் படம் வைத்து, சுற்றிப் பெரிய பெரிய பலகையில் ஒரு கதையை வரிசையாக வரைந்து மாட்டுவார்கள். ஓரமெல்லாம் கலர் பல்ப் ஓடும். எங்கெங்கிருந்தோ வந்து சனம் பார்க்கும்.

"நான் கோயிலுக்குப் போற ஆளு. பரவாயில்லையா முதலாளி?"

"மாஸ்டர் சித்திரம் போடுற ஆள்தானே? அது போதும்."

"நடுவுல வைக்கிற படத்த நான் தொட மாட்டேன். அதுக்குன்னு சுத்தபத்தமா இருந்து போடுறவங்க இருப்பாங்க."

"அது பன்சலையில பழசு இரிக்கி. சுத்தி வார கதைதான் வேணும்."

மறுநாளே மாஸ்டர் புத்த கோயிலான பன்சலைக்குப் போய், எந்தக் கதை என்று அங்கே பெரிய பிக்குவான ஹாமதுருவிடம் கேட்டு வந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எதிரில் குந்திக்கொண்டு கதை சொன்னார். ஒரு நாட்டில் மழையில்லாமல் ஊரெல்லாம் வறண்டுபோயிற்று. அரண்மனைக் கிணற்றில் மட்டும் தண்ணீர். ராணியே வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறாள். அவளுடைய நாட்டைப் பிடிக்கப் படையெடுத்து வந்த பகை ராஜா, படையெல்லாம் தாகத்தில் அழிந்து, கந்தலோடு பிச்சைக்காரனைப் போல அந்த வரிசையில் வந்து நிற்கிறான். அவனுக்கும் கொடுக்கிறாள்.

"அந்தக் கட்டந்தான் பெரிய பலகை. கண்டியிலருந்து வர்ற பஸ்ஸெல்லாம் வளைவு திரும்பினதும் நேரா அதத்தான் பாக்கும்" என்றார். துருவிய தேங்காயை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளை போல இருந்தார்.

வேலை பன்சலையின் மடுவத்தில், ஒரு பெரிய கொட்டகையில், நடந்தது. நான் தினமும் சோற்றுப் பார்சல் கொண்டுபோய் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே ஆம்பிளைகள் கூட்டம். பொடியன்மார் பல்ப்புகளை ஒவ்வொன்றாகப் பெயின்டில் தோய்த்துக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். மாஸ்டர் காதிலெல்லாம் நீலப் பெயின்டோடு வெளியே வந்து பார்சலை வாங்குவார். படத்தை நான் பார்க்கவில்லை.

பார்த்து வந்து சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. சிங்களமும் தமிழும் கலந்துதான் அவருக்குப் பேச வரும். பன்சலைக்குப் பூ வைக்கப் போனவர் வேலி ஓரமாகவே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர் நோனா! அந்த ராணி ஆரு?"

"எந்த ராணி?"

"பெரிய பலகையில நிக்கிற ராணி! ஐயோ, ஒங்க மூஞ்சிதானே! மூக்கு, நாடி, அந்த வெக்கம், எல்லாம்! கிரீடம் மட்டும் வேற ஆளோட!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட மரத்துக்குப் பின்னால் நிற்கிறவள் நான். என் முகத்தை மூன்று மாடி உயரத்தில் ஏற்றி, சுற்றிலும் லைட் போடப் போகிறார்கள், ஊர் பூராவும் பார்க்கப் போகிறது!

அன்று கம்பளையில் வேலை பார்க்கிற மகளும் லீவில் வந்திருந்தாள். மாஸ்டர் வீட்டுக்குள் கால் வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"என் மூஞ்சியையா போட்டு வச்சிருக்கீங்க?"

"என்னா பேசுற? நான் ராணியப் போட்டேன்."

"ராணிக்கு என் மூக்கு எப்புடி வந்துச்சி?"

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பலகைகளை இழுத்து வெளியே போட்டார். சரஸ்வதி. ஒரு நத்தார் பண்டிகைக்கு வரைந்த மாதா. பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போட்டுக் கொடுத்ததன் மாதிரிப் படம், அதில் ஒரு தாய். கொழுந்து பறிக்கிற ஒருத்தி. எல்லாவற்றையும் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினார். நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். எல்லாரும் நாடியை இறக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி, கீரை ஆய்கிற மாதிரியே இருந்தார்கள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்ப்பா, இது ஒங்களுக்குத் தெரியாதா? ஸ்கூல்ல பிள்ளைங்க சரஸ்வதி படத்துக்கிட்ட பரீட்சைக்குக் கும்புடும்போதே 'மாஸ்டரம்மா, பாஸாக்கி விடுங்க'ன்னுதான் கும்புடும்!"

"நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன் நான்.

"சொன்னா நீங்க ஸ்கூல் பக்கமே வந்திருக்க மாட்டீங்களே."

மாஸ்டர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருஷமா ஒரே முகத்தையா போட்டுக்கிட்டு இருந்தேன்? வெதவெதமா ஆளுங்களப் போட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார். நான் வெட்கத்தில் கத்தினேன். அவருக்கு அது வேறு இடத்தில் பட்டுவிட்டது. சித்திரம் படிப்பித்த மனுஷர் அல்லவா?

ஆனாலும் எனக்கு என் பயம்தான் பெரிதாக இருந்தது. "மாத்திடுங்க. சந்தியில என் மூஞ்சி வேணாம்" என்றேன்.

"சரி, மாத்திடுறேன்" என்றார். எனக்கும் சரிங்கதான்.

மறுநாள் முதலாளியும் பலகையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்திருக்கிறார். அவருக்கு அது யார் முகம் என்பது பிரச்சினை இல்லை. "மாஸ்டர், ராணி ஏன் கீழ பாக்கிறா? ராணின்னா நேரா பாக்க வேணும், கம்பீரமா. இது சமையல்கட்டில நிக்கிற மாதிரி இரிக்கி" என்றாராம். அதோடு விடவில்லை. "கரைச்சலா இருந்தா சொல்லுங்க, டவுன்ல பேனர் பிரின்ட் அடிக்கிற எடத்தில நல்ல ராணி மூஞ்சி ஒன்னு அடிச்சி, தலையில மட்டும் ஒட்டிருவம்."

அன்றிரவு மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் பலகையைத் தொடாமல், காகிதத்தில் புது முகம் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு கட்டு காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நேராகப் பார்க்கிற ராணிகள். அழகாகத்தான் இருந்தார்கள். ஆனால் சவர்க்கார விளம்பரத்தில் சிரிக்கிறவர்களைப் போல, யாரோ எவரோ.

"கால் வந்துருது, கை வந்துருது. மூஞ்சிக்கு வந்தா கை நிண்டுருது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ ஒருக்கா மடுவத்துக்கு வாயேன். கொஞ்ச நேரம் நிமிந்து உக்காந்தா, அதப் பாத்துப் போட்டுருவேன்."

"என் மூஞ்சி வேணாம்னு சொல்றேன். என்னையே வந்து உக்காரச் சொல்றீங்களே!"

"வேற யாரு மூஞ்சியும் எனக்குத் தெரியலையே புள்ள."

போனேன். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மடுவத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பலகையைப் பார்த்தேன். வீட்டுக் கூரை உயரம். அதில் ராணி நின்றுகொண்டிருந்தாள். காலில் கொலுசு, கையில் செம்பு. அந்தப் பகை ராஜா கந்தலோடு இரண்டு கையையும் குவித்துக் குனிந்திருந்தான். ராணி தண்ணீரை ஊற்றுகிறாள், ஆனால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை இறக்கி. அது நான்தான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அமைதியாக என்னை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் வெட்கப்படவே மறந்துபோனேன்.

ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். பொடியன்மார் பல்ப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். முதலாளி கையில் போனோடு தூணோரம் நின்றார்.

"நிமிந்து பாரு" என்றார் மாஸ்டர்.

கழுத்து வர மாட்டேன் என்றது. மகள், "அம்மா, ஒருக்காதானே" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்தேன். எதிரில் மாஸ்டர். படம் போடும்போது அவர் முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல. எத்தனையோ மழை நாளில் இந்த முகம் எனக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது. நான் கீரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், திரும்பிப் பலகையைப் பார்த்தார். பிறகு கரிக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இல்ல முதலாளி. நான் மாத்தல."

"என்ன மாஸ்டர் இது? ரெண்டு நாள்ல வெசாக்!"

"தெரியும். ஆனா நான் போட்டது சரி. இவ நிமிந்தா அது வேற ஆளு, வேற கதை. வேணாம்னா முழுப் பலகையையும் கழட்டி வச்சிருங்க, எனக்குக் கோவமில்ல. தலைய மட்டும் வெட்டி ஒட்ட நான் விட மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருவருக்கு மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பலகை சந்தியில் ஏற வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். அது ஏறாமலே போனாலும் பரவாயில்லை என்று நின்றார் பாருங்கள்! இவர் என் வீட்டுக்காரர் என்று எழுந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. யாரோ ஒரு பொடியன் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஹாமதுரு உள்ளே வந்தார். வயதானவர், மெதுவாக நடப்பார். ஹாமதுரு வந்தால் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். பிளேன்டீயை வைக்க இடமில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி, வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலாளி தன் குறையைச் சொன்னார். ஹாமதுரு பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரித்துவிட்டார்.

"ராணி இங்கேதானே நிக்கிறாங்க!" என்று சிங்களத்தில் சொன்னார். பொடியன்மார் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு முதலாளியிடம் சொன்னதையும் எனக்கு விளங்கிய அளவு எழுதுகிறேன். "அந்த ராஜாவை ராணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நேரே பார்த்தால் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் விளங்கிவிடும். அந்த வெட்கத்தில் அவன் எப்படித் தண்ணீர் குடிப்பான்?"

"கதையில அப்படி இல்லையே, ஹாமதுருவனே?" என்றார் முதலாளி.

"கதையில் தண்ணீர் கொடுத்தாள் என்றுதான் இருக்கிறது. எப்படிக் கொடுத்தாள் என்பதை மாஸ்டர் போட்டிருக்கிறார்."

முதலாளி தலையைச் சொறிந்தார். அவரும் மோசமான மனுஷர் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "மாஸ்டர் நோனா, இப்ப நீங்கதான் சொல்ல வேணும். ஒங்க மூஞ்சி. ஒங்களுக்குச் சரின்னா எங்களுக்கும் சரி."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். "நீ வேணாம்னா வேணாம்" என்றார். மெய்யாகத்தான் சொன்னார். நான் தலையாட்டியிருந்தால் அந்தப் பலகையை அவரே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார்.

"இருக்கட்டும்" என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது. "என்னா?" என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும்னு சொல்றேன்!"

வெசாக் அன்று பின்னேரம் நல்ல மழை பிடித்து, பொழுது படும்போது விட்டது. ரோட்டெல்லாம் ஈரம். பந்தல் லைட் போட்டதும் அந்த ஈரத்தில் சிவப்பும் பச்சையும் ஓடின. ஸ்பீக்கரில் கதையைச் சிங்களக் கவியாகப் பாடினார்கள். ஒவ்வொரு கவிக்கும் ஒரு பலகையைச் சுற்றி லைட் எரிந்தது. கண்டியிலிருந்து வந்த பஸ்ஸெல்லாம் வளைவில் மெதுவாகி நின்றன. ஜன்னலெல்லாம் தலைகள்.

முதலில் நான் மகளுக்குப் பின்னால் மறைந்துதான் நின்றேன். ராணியின் கட்டம் வந்து பல்ப்புகள் ஓடியபோது கூட்டத்தில் ஒரு சத்தம், "ஆ" என்று. அதைக் கேட்டதும் என்னையறியாமலே முன்னால் வந்துவிட்டேன்.

பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்களப் பெண் சின்ன மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். எந்த ஊரோ தெரியாது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, அது நீங்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவளுக்கு முந்திக்கொண்டேன்.

"ஓவ்" என்றேன், ஆமாம் என்று. தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன். படம் போட்டது எங்கள் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர் என்றும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவ்வளவு பேச்சு அன்னியரிடம் நான் பேசியதே இல்லை.

அந்தச் சின்னப் பெண் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மே, ராணி கிழவியாகிட்டா!" என்றது. தாய் வெட்கப்பட்டு அதன் வாயைப் பொத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயை மூடாமல், சத்தமாக.

மாஸ்டர் தேத்தண்ணிக் கடையோரம் நின்றிருந்தார். அவர் பந்தலைப் பார்க்கவில்லை. பஸ் ஜன்னலில் இருந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் சிரிப்புச் சத்தம் கேட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னா சிரிப்பு?"

சொன்னேன். அவர் அந்தச் சின்னப் பெண்ணைக் குனிந்து பார்த்தார். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"நல்ல கண்ணு இதுக்கு" என்றார். "சித்திரம் வரும்."